நீரிறைக்கும் இயந்திரத்திற் கள்ளக் காற்று
உறிஞ்சுவாய்க் கெஸ்கட்டின் பழுதும் அதனை மாற்றும் முறையும்

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிற் கமத்தொழில் இருவகை நீரை நம்பி நடைபெறுகின்றது. 1949ஆம் ஆண்டிற் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பெற்று, இங்கினியாகலையிற் பட்டிப்பளை ஆற்றை மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் கட்டப்பெற்றது. அக்காலந்தொட்டு மேற்கேயுள்ள நெல்வட்டைகளுக்கு வாய்க்கால் நீர் கிடைத்து வருகின்றது. கடலை அடுத்த மணற்றரைத் தோட்டங்களுக்கோ கிணறும் பூவலுமே கதி. அங்கே கத்தரி, வெண்டி, பயற்றை, மிளகாய், கீரை யாவும் நீரிறைக்கும் இயந்திரத்தின் உழைப்பால் விளைகின்றன. வாய்க்காலின் கடைக்கண்டத்தில் வயல் செய்வோரும் சிறுபோகத்தில் நீர் குறையும்போது வடிச்சல் வாய்க்காலிலிருந்து இதே இயந்திரத்தால் நீர் ஏற்றுகின்றனர்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணற்றரை நீரைத் தாங்கி வைப்பதில்லை. பூக்கும் பருவத்திலுள்ள மிளகாயும் கத்தரியும் சில நாள் நீரின்றி வாடினாற் பூவும் பிஞ்சும் உதிர்ந்துவிடும். பின்னர் எவ்வளவு நீர் பாய்ச்சினும் உதிர்ந்த பூ மீள்வதில்லை. ஆகவே அக்காலத்தில் இயந்திரம் நின்றுபோவது ஒரு நாள் வேலை கெடுவது மட்டுமன்று; ஒரு போகத்தின் பயன் கெடுவதுமாகும்.

இயந்திரம் நிற்பதற்குரிய காரணங்கள் பல. அவற்றுள், விலையால் மிகச் சிறியதும் விளைவாற் பெரியதுமான ஒன்று இப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றது. அது காபரேற்றருக்கும் இயந்திரத் தலைக்கும் இடையிலுள்ள கெஸ்கட் என்னும் மெல்லிய தாளின் பழுதாகும்.

கள்ளக் காற்று என்பது யாது?

பெற்றோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடும் இயந்திரம், பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றை உறிஞ்சுகின்றது. அக்காற்று முதலில் எயார் கிளீனரினூடாகச் சென்று மணலும் தூசியும் நீங்கப்பெறும். பின்னர் காபரேற்றரை அடைந்து எண்ணெயோடு கலக்கும். நிறைக் கணக்கிற் பார்த்தால், 1 பங்கு பெற்றோல் நன்கு எரிவதற்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். காபரேற்றரின் நுண்துளைகள் இந்த அளவைக் கருதியே அமைக்கப்பட்டுள்ளன.

காபரேற்றருக்கும் இயந்திரத் தலைக்கும் இடையேயுள்ள மூட்டு இறுக்கமாக இல்லாவிடின், அவ்விடைவெளியாலும் காற்று நுழையும். இக்காற்றை எயார் கிளீனரும் காணாது; காபரேற்றரும் அளக்காது. இதனையே கள்ளக் காற்று என்கின்றோம்.

பம்பின் உறிஞ்சு குழாயைப் பழகிய கமக்காரருக்கு இது புதிய செய்தியன்று. நீரை வெளியே தள்ளும் குழாயில் துளை விழுந்தால் நீர் பீறிடும், எவரும் கண்டுகொள்வர். கிணற்றினுள் இறங்கும் உறிஞ்சு குழாயில் துளை விழுந்தால் ஒரு சொட்டு நீரும் வெளியே வாராது. மாறாக, அத்துளையாற் காற்று உட்புகுந்து பம்ப் நீரைப் பிடியாது திணறும். இயந்திரத்தின் உறிஞ்சுவாயிலுள்ள பழுதும் இத்தன்மையதே. வெளியே பார்ப்பவருக்கு ஒழுக்கு ஒன்றும் தோன்றாது. உள்ளே காற்று களவாகப் புகுந்துகொண்டிருக்கும்.

இதனால் விளையும் தீங்கு

கள்ளக் காற்று புகுந்தால் எண்ணெயின் பங்கு குறைந்து கலவை ஐதாகும். ஐதான கலவை மெதுவாக எரியும். அடுத்த முறை உட்செல் வால்வு திறக்கும்போதும் உள்ளே நெருப்பு முற்றாக அணையாதிருப்பின், அந்நெருப்பு காபரேற்றர் வழியே திரும்பி வெடிக்கும். கமக்காரர் சிலர் இதனை இயந்திரம் ‘தும்முகின்றது’ என்பர். மெதுவாக எரியும் நெருப்பால் வெளிச்செல் வால்வும் பிஸ்டனும் அளவுக்கு மீறிச் சூடேறும். வால்வின் விளிம்பு கருகுதலும், பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்தலும் இதன் முடிவுகளாகும்.

இந்நிலையிற் பலர் சோக்கைப் பாதி மூடிவைத்து ஓட்டுவர். சோக்கை மூடினாற் காற்றுக் குறைந்து எண்ணெய் கூடுமாதலின் இயந்திரம் சீராக ஓடுவதுபோலத் தோன்றும். இது நோயை மறைக்கும் செயலேயன்றி நோய் தீர்க்கும் மருந்தன்று. மிகுதியான எண்ணெய் வீணாகும். அதிலும் மண்ணெண்ணெய் முழுதும் ஆவியாகாது சிலிண்டர்ச் சுவரிலுள்ள இயந்திர எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, அடித்தொட்டியிலுள்ள எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். அளவுகோலிற் பார்க்கும்போது எண்ணெய் கூடியிருந்து மண்ணெண்ணெய் மணமும் வீசினால் இக்கேடு தொடங்கிவிட்டதென அறியலாம்.

செலவையும் நோக்குதல் வேண்டும். 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவாக உயர்ந்தது. எண்ணெய் மலிவாயிருந்த நாளிற் பொறுத்துக்கொள்ளக்கூடியதாயிருந்த வீண்செலவு அதன்பின் பொறுக்கமுடியாததாயிற்று.

அறிகுறிகள்

1. குளிர்ந்த இயந்திரம் பலமுறை கயிறிழுத்த பின்னரே உயிர்பெறும்.
2. சூடேறிய பின்னரும் சோக்கைத் திறந்தால் நின்றுவிடும்.
3. மெதுவாக ஓடும்போது ஒலி ஏறியும் இறங்கியும் கேட்கும். சிறிது நேரத்தில் நிற்கும். வேகமாக ஓடும்போது குறை சற்று மறையும். மெதுவாக ஓடும்போதே உறிஞ்சுவாயின் இழுவை மிகுந்திருப்பது இதற்குக் காரணமாகும்.
4. காபரேற்றர் வழியே இடையிடையே வெடிக்கும்.
5. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் பீங்கான் முனை சுண்ணாம்புபோல் வெளுத்திருக்கும். செம்மையாக ஓடும் இயந்திரத்தின் பிளக் முனை இளங்கபில நிறமாயிருக்கும். சோக்கை மூடியே ஓட்டி வந்த இயந்திரத்திற் கரி படிந்திருக்குமாதலின் இவ்வடையாளத்தை மட்டும் நம்பலாகாது.
6. காபரேற்றர் மூட்டைச் சுற்றி எண்ணெய்க் கசடு ஈரமாகப் படிந்து, அதில் மணல் ஒட்டியிருக்கும்.

பழுதைத் துணிதல்

மேற்கூறிய அறிகுறிகளுட் பல, காபரேற்றரின் நுண்துளை அடைபட்டாலும், எண்ணெயில் நீர் கலந்தாலும் தோன்றும். ஆதலின் கெஸ்கட்டே குற்றவாளியென உடனே முடிவு செய்தல் தவறு. பின்வரும் ஒழுங்கிற் பார்த்தல் நன்று.

முதலாவது, காபரேற்றர்க் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி எண்ணெயை ஒரு கண்ணாடிப் போத்தலிற் பிடித்துப் பார்த்தல் வேண்டும். அடியில் நீர்க் குமிழோ துருவோ காணப்படின் தாங்கியையும் கிண்ணத்தையும் துப்புரவு செய்க. இரண்டாவது, எயார் கிளீனர் அடைபடாதிருக்கின்றதா எனவும், காபரேற்றரைப் பிடிக்கும் இரு நட்டுகளும் தளர்ந்துள்ளனவா எனவும் பார்த்தல் வேண்டும். தளர்ந்திருப்பின் அவற்றை இறுக்குவதாலேயே சிலவேளை குறை நீங்கும்.

மூன்றாவது, சவர்க்கார நீர்ச் சோதனையாகும். பம்பில் நீர் நிரப்பி, இயந்திரத்தைப் பெற்றோலிற் தொடக்கி மெதுவாக ஓடவிடுக. பம்பில் நீரின்றி ஓட்டினால் அதன் சீல் கருகிவிடும். ஒரு கோப்பை நீரிற் சிறிது சவர்க்காரம் கரைத்துச் சிறு தெளிப்பானால் அல்லது தூரிகையால் காபரேற்றர் மூட்டின் நாற்புறமும் சிறிது சிறிதாக இடுக. இடைவெளி உள்ள இடத்தில் நீர் படும்போது அது கணநேரம் அடைபடும். உடனே இயந்திரத்தின் ஒலி மாறும். எவ்விடத்தில் ஒலி மாறுகின்றதோ அவ்விடமே கள்ளக் காற்றின் வழி. நீர் பிளக்கின் மீதும் சூடான புகைக்குழாயின் மீதும் படலாகாது.

கராஜ்களிற் சிலர் இச்சோதனைக்குப் பெற்றோலைத் தெளிப்பதுண்டு. சூடான புகைக்குழாயின் அருகே பெற்றோல் தெளித்தல் உயிருக்கே ஆபத்தானது. கமக்காரர் அதனை ஒருபோதும் செய்யலாகாது. அவ்வாறே, நீர்மட்டம் தாழ்ந்ததென்று இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டுதலும் கூடாது. இயந்திரப் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டு நிறமும் மணமும் அற்றது. கிணற்றினுள் தேங்கி, இறங்குபவரை மயக்கிக் கொல்லும்.

கெஸ்கட் கெடுவதேன்?

இதன் காரணங்களுட் பல கமக்காரரின் கையிலேயே உள்ளன. இயந்திரத்தைத் தளர்ந்த மணலின் மீது வைத்து ஓட்டினால் அது குதித்து அதிரும், நட்டுகள் தளரும். உறுதியான பலகையின் மீதோ கொங்கிறீற்றுத் தட்டின் மீதோ வைத்தல் வேண்டும். எயார் கிளீனரைப் பிடித்துத் தூக்கினால் அப்பாரம் முழுவதும் மெல்லிய மூட்டின் மீது விழும். ஒழுக்கை நிறுத்தும் எண்ணத்தில் நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் காபரேற்றரின் காது வளையும். நடுவில் இடைவெளி முன்னிலும் பெரிதாகும். கடற்காற்றின் உப்பு அலுமினியத்தை அரித்துப் பூஞ்சணம்போல் வெள்ளை மாவு படியச் செய்யும். கழற்றிய பழைய கெஸ்கட்டையே மீண்டும் இடுதல் மற்றொரு தவறு. ஒருமுறை நசுங்கிய தாள் மறுமுறை புதிய மேட்டுபள்ளங்களுக்கு இணங்குவதில்லை.

மாற்றும் முறை

வேண்டிய பொருள்கள்: 10 மில்லிமீற்றர் ஸ்பனர், திருகாணித் திருப்பி, இடுக்கி, மூங்கிற் சீவல், துப்புரவான துணி, தூரிகை, ஒரு போத்தல், அவ்வியந்திரத்துக்குரிய புதிய கெஸ்கட்டுகள். கெஸ்கட் வாங்கச் செல்லும்போது இயந்திரத்தின் பெயரும் இலக்கமும் குறித்துச் செல்லுதல் நன்று. உருவத்தில் ஒத்திருப்பினும் துளையளவு வேறுபடும்.

1. இயந்திரத்தை நிறுத்தி முற்றாக ஆறவிடுக. பெற்றோல், மண்ணெண்ணெய் ஆகிய இரு தாங்கிகளின் வால்வுகளையும் பூட்டுக. பிளக்கின் தொப்பியைக் கழற்றி வைக்க. வேலை காற்றோட்டமான நிழலில் நடைபெறல் வேண்டும். அருகில் அடுப்போ பீடியோ சிகரட்டோ இருத்தலாகாது.

2. எதனையும் கழற்றுமுன் காபரேற்றரைச் சுற்றியுள்ள மணலைத் தூரிகையால் நன்கு அகற்றுக. இதனைச் செய்யாது கழற்றினால் அம்மணல் உறிஞ்சுவாயினுள் விழும். ஒரு சிட்டிகை மணல் சிலிண்டரைக் கீறுவதற்குப் போதுமானது.

3. காபரேற்றர்க் கிண்ணத்து எண்ணெயைப் போத்தலில் வடிக்க. எண்ணெய்க் குழாயைக் கழற்றுக.

4. எயார் கிளீனரின் மூடியையும் அதன் உட்பொருளையும் எடுத்து, அதனைப் பிடிக்கும் நட்டுகளை நீக்குக. பெரும்பாலான சிறு இயந்திரங்களில் எயார் கிளீனரும் காபரேற்றரும் அதே இரு நீண்ட திருகாணிகளிலேயே கோக்கப்பட்டிருக்கும்.

5. காபரேற்றரின் கையோடு ஒரு கம்பியும் மெல்லிய சுருள்வில்லும் இணைந்திருக்கும். இவை வேகத்தை ஆளும் கவர்னருக்குரியவை. எந்தத் துளையில் எது மாட்டப்பட்டுள்ளது என்பதைக் கைத்தொலைபேசியிற் படமெடுத்து, அல்லது தாளில் வரைந்து வைத்த பின்னரே கழற்றுக. வில்லை இழுத்து நீட்டலாகாது. நீண்ட வில் இயந்திரத்தின் வேகத்தை மாற்றிவிடும்.

6. காபரேற்றரை நேராக வெளியே இழுக்க. அதன் பின்னால் ஒரு கெஸ்கட், அதன் பின்னர் வெப்பந்தடுக்கும் கட்டை, அதன் பின்னர் இயந்திரத் தலையை ஒட்டிய மற்றொரு கெஸ்கட் என்ற வரிசை இருக்கும். கழற்றிய வரிசையிலேயே துணியின் மீது பரப்பி வைக்க. கட்டையின் எப்பக்கம் வெளியே, எப்பக்கம் மேலே இருந்தது என்பதற்கு அடையாளமிடுக.

7. உறிஞ்சுவாயைத் துப்புரவான துணியால் அடைக்க. பின்னர், ஒட்டியுள்ள பழைய தாளை மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு மூங்கிற் சீவலாற் சுரண்டி எடுக்க. கத்தியோ திருகாணித் திருப்பியோ கொண்டு சுரண்டினால் அலுமினியத்திற் கீறல் விழும். அக்கீறலே புதிய கள்ளக் காற்றுக்கு வாயிலாகும்.

8. காபரேற்றரின் முகத்தையும் கட்டையின் இரு முகங்களையும் ஒரு தட்டையான கண்ணாடியின் மீது வைத்துப் பார்க்க. ஆடினாலும் ஒளி தெரிந்தாலும் முகம் வளைந்துள்ளது. சிறிய வளைவாயின், நுண்ணிய எமரித்தாளைக் கண்ணாடியின் மீது விரித்து, எண்ணெய் தடவி, முகத்தை மெல்லச் சுற்றித் தேய்த்துச் சமன் செய்யலாம். தேய்த்த பின் ஒரு பொடியும் எஞ்சாது கழுவுக. கட்டை வெடித்திருப்பின் புதியது இடுவதே வழி.

9. அடைத்த துணியை எடுக்க. இதனை மறந்து பூட்டியவர் உளர். பின்னர் புதிய கெஸ்கட்டுகளை உலர்ந்த நிலையிலேயே இடுக. கிறீஸ், சவர்க்காரம், சிலிக்கன் பசை யாதும் பூசலாகாது. பெற்றோல் பட்டுச் சிலிக்கன் ஊதிக் கழன்று உள்ளே செல்லும். கட்டையின் இருபுறத்துக் கெஸ்கட்டுகளும் வெவ்வேறு தடிப்புடையனவாயின் இடம் மாற்றி இடலாகாது.

10. கம்பியையும் வில்லையும் முன்னிருந்த துளைகளிலேயே மாட்டிக் காபரேற்றரையும் எயார் கிளீனரையும் கோக்க. நட்டுகளை முதலில் விரலாற் சுற்றி, பின்னர் ஸ்பனரால் ஒன்றைக் கால்சுற்று, மற்றதைக் கால்சுற்று என மாறி மாறி இறுக்குக. 6 மில்லிமீற்றர்த் திருகாணிக்கு 8 முதல் 10 நியூட்டன் மீற்றர் வரையிலான முறுக்கு போதும். அஃதாவது, சிறிய ஸ்பனரின் நுனியை இரண்டு மூன்று விரல்களால் இழுக்கும் பலமாகும். முழுக்கையின் பலம் வேண்டாம்.

11. எண்ணெய்க் குழாயை மாட்டி வால்வைத் திறந்து, ஒழுக்கு உண்டா எனப் பார்க்க. கவர்னர்க் கை தடையின்றி அசைகின்றதா எனவும் பார்க்க. பின்னர் பிளக் தொப்பியை இட்டு இயந்திரத்தைத் தொடக்குக. சூடேறியதும் சோக்கை முழுதும் திறந்தும் சீராக ஓடினால் வேலை நிறைவுற்றது. சவர்க்கார நீர்ச் சோதனையை மீண்டும் ஒருமுறை செய்க. முதல் நாள் வேலை முடிந்து இயந்திரம் ஆறிய பின் நட்டுகளை மறுபடியும் பார்த்தல் வேண்டும்.

இயந்திரம் நெடுநாள் சோக்கை மூடி ஓடியிருப்பின், அடித்தொட்டி எண்ணெயையும் மாற்றிவிடுக.

கெஸ்கட் கிடையாதபோது

பயிர் வாடிக் கொண்டிருக்க, கடையில் உரிய கெஸ்கட் இல்லையெனிற் கெஸ்கட் தாள் வாங்கிக் கையால் வெட்டிக்கொள்ளலாம். பழையதன் தடிப்பையே தெரிந்தெடுத்தல் வேண்டும். கட்டையின் முகத்திற் சிறிது எண்ணெய் தடவித் தாளின் மீது அழுத்தினால் அதன் உருவம் பதியும். திருகாணித் துளைகளை முதலிலும் நடுத்துளையைப் பின்னரும் வெட்டுக. நடுத்துளை உறிஞ்சுவாயிலும் சிறிதாயிருத்தலாகாது. ஓரத்திற் பிசிறும் இருத்தலாகாது. பழைய கெஸ்கட்டிற் சிறு துளைகள் வேறு இருந்தால் அவற்றையும் தவறாது வெட்டுக. கொப்பி அட்டை, தீப்பெட்டி அட்டை முதலியன எண்ணெயில் ஊறிச் சில நாளிற் கரைந்துவிடும். அவற்றை நம்பி இயந்திரத்தை ஓட்டலாகாது.

லேண்ட்மாஸ்டரும் காரும்

டீசலில் ஓடும் இரு சில்லு உழவு இயந்திரத்திற் காபரேற்றர் இல்லை. ஆகவே உறிஞ்சுவாயிற் பழுது ஏற்பட்டாலும் ஒலி மாறாது, இயந்திரம் நிற்காது. அதனாலேயே அப்பழுது மேலும் வஞ்சகமானது. வரண்ட மண்ணை உழும்போதும் சூடடிக்கும்போதும் எழும் தூசி எயார் கிளீனரைச் சேராது நேரே சிலிண்டருக்குட் செல்லும். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து, நீலப்புகை தோன்றி, எண்ணெய் குறையத் தொடங்கிய பின்னரே கமக்காரர் அறிவர். எயார் கிளீனருக்கும் இயந்திரத்துக்கும் இடையிலுள்ள இறப்பர்க் குழாயையும் அதன் பட்டியையும் போகத்துக்கு ஒருமுறையேனும் கழற்றிப் பார்த்தல் வேண்டும். குழாயின் உட்புறத்தில் தூசிக் கோடு தெரிந்தால் அவ்வழியே கள்ளக் காற்று வருகின்றது.

மரக்கறி ஏற்றிச் செல்லும் பெற்றோல் வான்களிலும் கார்களிலும் நான்கு சிலிண்டருக்கும் ஒரே மெனிபோல்ட் காற்றைப் பகிர்ந்தளிக்கின்றது. அதன் கெஸ்கட் பழுதடைந்தாலும் அறிகுறிகள் மேற்கூறியவையே. நிறுத்தி வைத்து ஓடும்போது நடுக்கமும், சீழ்க்கைபோன்ற ஒலியும் சேரும். அங்கு நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குதல் விதி. சில இயந்திரங்களின் மெனிபோல்ட்டிற் குளிர்நீரும் ஓடுமாதலின் முதலில் நீரை வடித்தல் வேண்டும். மின்னணு முறையால் எண்ணெய் செலுத்தும் புதிய வாகனங்களை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே தகும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

சோக்கைத் திறந்து ஓடாத இயந்திரம் நோயுற்ற இயந்திரமாகும். அதனை ஓட்டிக்கொண்டே காலங்கடத்தலாகாது. சிறுபோகம் தொடங்குமுன், பெருமழை ஓய்ந்து தோட்டத்திற் கைவேலை குறைந்துள்ள நாளில், மூட்டுகளைச் சோதித்தல் வேண்டும். ஒரு தொகுதிக் கெஸ்கட்டை எண்ணெய்த் தாளிற் சுற்றி, மடியாது தட்டையாக, ஸ்பனரோடு பெட்டியில் வைத்திருத்தல் வேண்டும். வேலை முடிந்ததும் இயந்திரத்தை ஈரத்துணியாற் துடைத்து உப்புக்காற்றுப் படாது மூடி வைத்தல் வேண்டும். ஐயம் தோன்றின் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிதல் நன்று.

சுபஹுத் தொழுகை முடிந்து தோட்டத்துக்கு வரும் கமக்காரர், கச்சான் காற்று எழுமுன் பாத்திகளுக்கு நீர் பாய்ச்சி முடித்தல் வேண்டும். அந்த இரண்டு மணி நேரமே அவருடைய பயிரின் உயிர். அந்நேரத்தில் முதற் கயிற்றிழுப்பிலேயே இயந்திரம் ஓடுமாயின், முன்னர் அரை நாள் செலவிட்டுத் தாளொன்றை மாற்றிய உழைப்பு வீண்போகாது.